பன்றியையும் விரட்டணும், பிள்ளைகளோடும் இருக்கணும்: எந்த நாய் சரி?

வீட்டுப் பிராணிகள் கேள்வி-பதில்

கேள்வி: பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டில் அம்மா, பத்து வயது மகள், நாலு வயது மகன். லயத்துக்குக் கீழே சின்னத் துண்டு நிலத்தில் போஞ்சியும் வற்றாளையும் மரவள்ளியும் போடுகிறேன். ராத்திரியில் பன்றி வந்து கிளறிவிட்டுப் போகிறது. எங்கள் தாத்தா வேட்டைக்கு நாய் வைத்திருந்தாராம். பிள்ளைகளோடும் இருக்கிற, லீவு நாளில் வேட்டைக்கும் வருகிற ஒரு நாய் வேண்டும். ஒருவர் ராஜபாளையம் எடு என்கிறார், ஒருவர் லெப்ரடோர் என்கிறார், மச்சான் ரொட்வைலர் குட்டி வாங்கித் தருகிறேன் என்கிறான். எதை எடுக்கலாம்?

பதில்: மூன்றுமே வேண்டாம் என்பது சுருக்கமான பதில். விரிவான பதிலுக்கு, நாயை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேட்டையிலிருந்து தொடங்க வேண்டும். ஊவாவில் இன்று ஒரு குடும்பஸ்தர் நாயோடு போய் எதைப் பிடிக்க முடியும்?

மிகக் கொஞ்சம்தான். தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்து, 2009இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. மரை, புள்ளிமான், சருகுமான், அழுங்கு எல்லாம் அதன் காவலில் இருக்கின்றன. தாத்தா காலத்தில் அடுப்புக்கு மேலே மரை வத்தல் தொங்கியிருக்கலாம்; இன்று அதே வத்தல் வீட்டில் அகப்பட்டால் வழக்கு. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு மட்டும் மரைக்கும் மானுக்கும் உள்ள காவல் இல்லை. அதற்காகப் பன்றி வேட்டை கட்டற்றது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒதுக்குக் காட்டுக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் நாயோடு போக முடியாது. அடித்த பன்றியின் இறைச்சியை ஏற்றிச் செல்வதும் விற்பதும் தனிச் சங்கதி. அதை வனஜீவராசிகள் அலுவலகத்தில் கேட்காமல் செய்யக் கூடாது. நாய் தன்பாட்டுக்கு ஓடிப் போய் ஒரு சருகுமானைக் கவ்விக்கொண்டு வந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் நாய்க்குச் சொந்தக்காரர். நாய்க்குச் சட்டம் வாசிக்கத் தெரியாது. மூக்கில் முதலில் பட்ட மணத்தின் பின்னால்தான் அது போகும்.

ஆக, பன்றி ஒன்றுதான் மிச்சம். வீட்டு நாயை அனுப்பக் கூடாத பிராணியும் அதுதான்.

வளர்ந்த ஆண் பன்றி ஒன்றின் எடை மூன்று நாலு நாய்களின் எடைக்குச் சமம். அதன் கீழ்க் கொம்புப்பல் மேற்பல்லோடு உரசி உரசித் தானே தீட்டிக்கொள்ளும். தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டும். நாய்க்குத் தொடையின் உட்பக்கம், வயிறு, தொண்டை இவற்றில்தான் காயம் விழும். பன்றி வேட்டையைத் தொழிலாகச் செய்கிற நாடுகளில் நாயை இரண்டு வகையாகப் பிரித்து வளர்க்கிறார்கள். ஒரு வகை எட்ட நின்று குரைத்துப் பன்றியை மறிக்கும். மற்றது பாய்ந்து பிடிக்கும். பிடிக்கிற நாய்க்குக் கழுத்துப் பட்டையும் நெஞ்சுக் கவசமும் மாட்டுவார்கள், அப்படியும் சாகும். மறிக்கிற நாய்க்கு வீரத்தைவிடப் பயம்தான் முக்கியத் தகுதி. கிட்டப் போகாமல் நிற்கிற அளவுக்குப் புத்தியுள்ள பயம் அது. இந்த இடத்தை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவருக்குத் தேவையான நாயின் குணமும் இதுதான்.

மலையகத்தில் நாய் வேட்டையின் பெருமையை ஆங்கிலத்தில் எழுதிப் பரப்பியவர் சாமுவேல் பேக்கர். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி, ஃபொக்ஸ்ஹவுண்ட், பிளட்ஹவுண்ட், கிரேஹவுண்ட் இரத்தங்களைக் கலந்து ஒரு நாய்க் கூட்டத்தையே வளர்த்தார். ஹோர்ட்டன் சமவெளியில் நாயை ஏவி மரையைத் தண்ணீரில் மறித்து, கத்தியால் குத்திக் கொல்வது அவருடைய பாணி. சமவெளியிலுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரில்தான் இருக்கிறது. 1850களில் அவர் எழுதிய இரண்டு நூல்களையும் இன்று ஒரு கால்நடை வைத்தியர் வாசித்தால் வேட்டைக் கதையாகத் தோன்றாது, மரணப் பதிவேடாகத்தான் தோன்றும். மரையின் கொம்பாலும் பன்றியின் பல்லாலும் சிறுத்தையாலும் செத்த நாய்களைப் பெயர் சொல்லிச் சொல்லி அவர் வருந்துகிறார். ஒன்று செத்தால் இன்னொன்றைக் கொண்டுவர அவரிடம் காசு இருந்தது, கூட்டமும் இருந்தது. பசறை லயத்தில் இருக்கப்போவது ஒரே ஒரு நாய், அதன் முதுகில் நாலு வயதுப் பையன் ஏறி விளையாடிக்கொண்டிருப்பான்.

(பதுளைக்காரர்களுக்கு இன்னொரு வேட்டைக்காரரைத் தெரிந்திருக்கும். நகரத்திலுள்ள சென் மார்க் தேவாலயம் மேஜர் தோமஸ் ரொஜர்ஸின் நினைவுக்காகக் கட்டப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுகிற இந்தப் பதுளை அதிகாரியை 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிக் கொன்றது. அவருக்கு நாய் தேவைப்படவில்லை. யானைகளின் பக்கம் நின்று யோசிப்பவர்கள் மின்னலைப் பற்றி வேறு அபிப்பிராயம் வைத்திருக்கிறார்கள்.)

பன்றியைவிட அதிகம் நாய்களைக் கொல்வது பன்றிக்காக வைக்கும் பொறிகள். கைவிடப்பட்டு மானாப் புல்லும் பற்றையுமாகிப்போன தேயிலை மலைகளில்தான் பன்றி பகலில் படுத்திருக்கிறது. அங்கிருந்து மரக்கறித் தோட்டத்துக்கு இறங்கும் தடத்தில்தான் கம்பிச் சுருக்கும் கட்டப்படுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் அப்படி ஒரு சுருக்கில் கருஞ்சிறுத்தை மாட்டியது. சிகிச்சைக்குக் கொண்டு போயும் சில நாட்களில் அது செத்துப்போன செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. அதே சுருக்குகளில் மாட்டுகிற நாய்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை. மொனராகலை, மகியங்கனைப் பக்கம் கட்டுத்துவக்கும், தீனிக்குள் வெடி வைக்கிற ஹக்கபட்டாஸும் இருக்கின்றன. மோப்பம் பிடித்துத் தீனியைக் கடிக்கிற நாய்க்குத் தாடையே மிஞ்சாது. திருட்டு மின்சாரம் இழுத்துக் கட்டிய வேலிக் கம்பி மனிதரையும் கொல்லும். காட்டு ஓரத்தில் நாயை அவிழ்த்துவிட நினைக்கிற எவரும் எந்தச் சுருக்கு எங்கே என்று தனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி அந்த மூன்று நாய்களுக்கு வரலாம்.

ராஜபாளையத்தின் மேல் மலையகத்தாருக்கு ஒரு தனிப் பாசம் இருப்பதில் ஆச்சரியமில்லை. மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது முன்னோரின் ஊர் நாய். வெள்ளை வெளேரென்ற உடல், இளஞ்சிவப்பு மூக்கு. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய்களுக்கு முத்திரை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். ஆனால் அந்த வெள்ளையோடு கூடவே ஒரு குறையும் பரம்பரையாக வருகிறது: காது கேளாமை. குட்டியின் தலைக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்காமல் எவரும் ராஜபாளையம் வாங்கக் கூடாது. மேலும் அது ஒரு மனிதரோடு ஒட்டிக்கொண்டு மற்றவரை அண்டவிடாத காவல் நாய். பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே இஸ்தோப்பில் வரிசையாக இருக்கிற லயத்தில் 'மற்றவர்' என்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கிற நாய்கள். தென் தமிழ்நாட்டின் கரிசல் வெளியில் முயலின் பின்னால் அவை ஓடுகிற வேகம் அழகானது. ஊவாவின் தேயிலை மலையில் அந்தக் கால்களுக்கு வேலை இல்லை. இடுப்பளவு வாதுகளுக்குள் ஓடுகிற எதையும் அவற்றால் பார்க்க முடியாது. சரிவு முழுக்கக் கான் வெட்டியிருக்கிறது. முழு வேகத்தில் வருகிற மெல்லிய கால் ஒரு கானில் விழுந்தால் எலும்பு முறியும். 1,400 மீற்றருக்கு மேலே ஹப்புத்தளையில் மார்கழிப் பனியில் அந்த மெல்லிய தோல் படுகிற பாடு வேறு. தேனிப் பக்கத்துக் கோம்பை நாய் பன்றிக்குப் பேர்போனது, உடம்பும் உறுதியானது. ஆனால் கலப்பில்லாத கோம்பை தமிழ்நாட்டிலேயே அரிது. இலங்கையில் தொலைபேசியில் படம் காட்டிக் 'கோம்பை' என்று விற்கிற செவலைக் குட்டி எந்த ஊர்க் குட்டி என்பது விற்கிறவருக்கே தெரியாது. இந்திய நாய்களைப் பற்றி மேலும் அறிய விரும்புகிறவர்கள் தியடோர் பாஸ்கரன் 2017இல் வெளியிட்ட நூலைத் தேடி வாசிக்கலாம்.

லெப்ரடோர் பிள்ளைகளுக்கு நல்ல நாய், அதில் தர்க்கமில்லை. அது வளர்க்கப்பட்டது, சுடப்பட்ட வாத்தைத் தண்ணீரிலிருந்து பல் படாமல் எடுத்து வருவதற்காக. பன்றியைக் கண்டால் வாலை ஆட்டி வரவேற்றாலும் ஆச்சரியப்பட முடியாது. அதன் பசிக்கும் எல்லை இல்லை. கேம்பிரிஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தபடி, கிட்டத்தட்ட நாலில் ஒரு லெப்ரடோருக்குப் பசியடங்குவதை உணர்த்தும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை. தோட்ட நாட்சம்பளத்தில் ஓடுகிற வீட்டுக்கு இந்தப் பசி சின்ன விஷயமில்லை. குட்டியின் விலையே பல கிழமைச் சம்பளத்தை விழுங்கும். இடுப்பெலும்பு மூட்டு நோயும் அந்த இனத்தில் உண்டு. மலையில் ஏறி இறங்கும் வாழ்க்கைக்கு அது கூடாது.

ரொட்வைலரைப் பற்றி ஒரே வரி போதும்: மச்சானே வைத்துக்கொள்ளட்டும்.

ஊவாவில் காலங்காலமாக வேட்டைக்குப் போன நாய்க்குப் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. மகியங்கனைக்கு அப்பால் தம்பானையில் வாழும் வேடர்களைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் அந்த நாய் வருகிறது. உடும்பு பிடிக்கப் போகிறவனோடு கூடவே ஓடுகிற, ஒல்லியான, குட்டை மயிர் நாய். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானதோடு அந்த வேட்டைக் காட்டின் பெரும்பகுதி வேடர்களுக்கும் அவர்களுடைய நாய்களுக்கும் மூடப்பட்டது. ஆனால் நாய் எங்கும் போய்விடவில்லை. ஊவாவின் ஒவ்வொரு லயத்து இஸ்தோப்பிலும், ஒவ்வொரு கோச்சி ஸ்டேஷனிலும் படுத்திருக்கிற நாட்டு நாய் அதனுடைய சொந்தம்தான். பதினைந்து முதல் இருபது கிலோ எடை, அட்டைக்கும் மழைக்கும் பழகிய தோல், கானைத் தாண்டத் தெரிந்த கால், சோற்றையும் நெத்தலித் தலையையும் தின்று வாழ்கிற வயிறு. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் புத்தியுள்ள பயம். தலைமுறை தலைமுறையாகச் சிறுத்தையும் பன்றியும் உள்ள இடத்தில் பிழைத்த நாய்க்கு எட்ட நின்று குரைக்கத் தெரியும்.

ஆகவே வாசகருக்கான பரிந்துரை: நல்ல தாயிடமிருந்து ஒரு நாட்டுப் பெட்டைக் குட்டி.

தாயைப் பார்ப்பதுதான் இதில் பாதி வேலை. குட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தும் மல்லாத்திப் பார்த்தும் குணம் சொல்கிற முறைகள் பல உண்டு, அவற்றை அதிகம் நம்ப முடியாது. தாய் குட்டிகளோடு படுத்திருக்கும்போது அறியாத ஆள் ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் போனால் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். உறுமிவிட்டு, சொந்தக்காரர் குரல் கேட்டதும் அடங்குகிற தாய் நல்ல தாய். பதுங்கி ஓடி ஒளிகிறது என்றாலும், அடக்கியும் அடங்காமல் பாய்கிறது என்றாலும் அந்தக் குட்டிகளை விட்டுவிடலாம். அடுத்ததாக, அந்தத் தாய் யாருடைய தோட்டத்தில் ராத்திரி குரைக்கிறது, எதற்குக் குரைக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும். காற்றுக்கும் நிலவுக்கும் விடியவிடியக் குரைக்கிற தாயின் குட்டி லயத்தில் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுக்கும். அதிகாலையில் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் அதை மன்னிக்க மாட்டார்கள்.

எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. கடிக்கிற பல்லின் அளவை அது கற்றுக்கொள்வது கூடப்பிறந்த குட்டிகளிடம்தான். அதற்குப் பிறகு நேரம் குறைவு. அமெரிக்காவில் ஜோன் போல் ஸ்கொட்டும் ஜோன் ஃபுல்லரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் எழுதியபடி, மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரையில் எதைப் பழகுகிறதோ அதைத்தான் நாய் ஆயுள் முழுவதும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். பாட்டியின் கைத்தடி, பிள்ளைகளின் கூச்சல், பக்கத்துக் காம்பராக்காரர், கொழுந்துக் கூடையோடு வருகிற பெண்கள், கோழி, ஆடு, முச்சக்கரவண்டி, கோயில் மேளம் எல்லாவற்றையும் அந்தச் சில வாரங்களில் காட்டிவிட வேண்டும். வெடிச் சத்தத்தையும் தூரத்திலிருந்து மெதுவாகப் பழக்கலாம். தீபாவளியன்று கட்டிப்போட்டு, பக்கத்தில் வெடி கொளுத்திப் 'பயம் தெளிவிக்கிற' வழக்கம் நாயைக் கெடுக்கும். அப்படிக் கெட்ட நாய் பிறகு வெடிக்கும் வராது, வேட்டைக்கும் வராது.

பையனுக்கும் பயிற்சி வேண்டும். நாய் தின்னும்போது போகக் கூடாது, தூங்கும்போது தொடக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது. நாலு வயதில் இந்த மூன்றும் அவனுக்கு நினைவில் நிற்காது என்பதால், பெரியவர் இல்லாத இடத்தில் இருவரையும் தனியே விடாமல் இருப்பதுதான் வழி. மகளுக்குப் பத்து வயது. நாயைப் பழக்குகிற பொறுப்பை அவளிடமே கொடுக்கலாம். பெரும்பாலும் அப்பாமாரைவிட அந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பொறுமை அதிகம்.

பன்றி விரட்டும் வேலைக்கு நாயைக் காட்டுக்கு அனுப்பத் தேவையே இல்லை. ஆறு மாதத்திலிருந்து மாலை வேளைகளில் நீண்ட கயிற்றில் கட்டி மரக்கறித் துண்டின் எல்லையைச் சுற்றி நடத்த வேண்டும், ஒவ்வொரு நாளும் ஒரே பாதையில். கூப்பிட்டால் திரும்பி வருவதுதான் முதல் பாடம். அது வராத நாய்க்கு வேறு எந்தப் பாடமும் சொல்லிப் பயனில்லை. ராத்திரி வேலிக்கு உள்ளே, கூரை போட்ட கூட்டில் அது படுத்திருந்து குரைத்தால் போதும். மிச்சத்தை மனிதரும் ரோச் லைட்டும் தகர டப்பாவும் பார்த்துக்கொள்ளலாம். பகலில் அதே நாய் குரங்குக்கும் உதவும். ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாமா என்று 2023இல் யோசித்த நாடு இது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலையில் ஐந்து நிமிடம் நாடு முழுவதும் குரங்கும் மயிலும் மரஅணிலும் எண்ணப்பட்டன. கணக்கெடுப்பால் ஒரு போஞ்சிக் கொடியும் தப்பவில்லை. வேலி ஓரத்தில் ஓடித் திரிகிற ஒரு நாய் இருந்தால் சில கொடிகளாவது தப்பும்.

ஒரு விஷயத்தில் தோட்டத்துக்காரர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். கொழுந்து எடுக்கிற நேரத்தில் நாய் மலைக்குள் ஓடக் கூடாது. வாதுக்குள் மறைந்திருக்கிற குளவிக் கூட்டைக் கலைத்துவிட்டு நாய் ஓடிவிடும். கொட்டு வாங்குகிறவர்கள் கீழே நிரையில் நிற்கிற பெண்கள். குளவிக் கொட்டால் உயிர் போன கதை எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது.

விசர்நாய்த் தடுப்பூசி பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு: 1973இல் இந்த நாட்டில் விசர்நாய்க்கடி நோயால் இறந்தவர்கள் 377 பேர். இன்று அது ஆண்டுக்கு இருபது முப்பது அளவுக்கு இறங்கியிருக்கிறது என்றால் காரணம் நாய்க்குப் போடுகிற ஊசி. சுகாதாரத் திணைக்களம் இலவசமாகவே போடுகிறது. முகாம் எப்போது என்று பீ.எச்.ஐ.யிடம் கேட்டால் தெரியும். காட்டு ஓரத்து நாய் நரியோடும் கீரியோடும் முட்டிக்கொள்ளும் என்பதால் அதற்கு ஓர் ஆண்டுகூடத் தவறக் கூடாது. பிரதேச சபையில் பதிவு செய்வதும் 1901இலிருந்தே சட்டம், பலர் மறந்துபோன சட்டம். பெட்டைக்குக் கருத்தடை செய்துவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை லயத்தைச் சுற்றிக் கூடுகிற கடுவன் நாய்களின் சண்டையும் இருக்காது.

கேள்வி: ஹல்துமுல்லையிலிருந்து எழுதுகிறேன். கணவரும் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் நாயைப் பன்றி வேட்டைக்குக் கொண்டு போகிறார்கள். போன முறை தொடை கிழிந்து வந்தது. சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டினோம். நோவுக்கு பனடோல் கொடுக்கலாமா? பன்றிக் குடலைப் பச்சையாகவே நாய்க்குப் போடுகிறார்கள். கைப்பிள்ளை இருக்கிற வீடு, பயமாக இருக்கிறது.

பதில்: வாசகியின் பயம் நியாயமானது. முதலில் மருந்து: மனிதருக்கான நோவு மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. பனடோல் அளவு மீறினால் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனக் வகைகள் வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தை முடக்கும். சுண்ணாம்பு தசையைச் சுட்டுவிடும்.

பன்றி வெட்டின் ஏமாற்று என்னவென்றால் மேலே சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். கொம்புப்பல்லோடு மண்ணும் அழுக்கும் உள்ளே போகும். மேலே தோல் மூடிக்கொண்டதும் உள்ளே சீழ் கட்டும். ஆகவே கொதித்து ஆறிய நீரில் கொஞ்சம் உப்புப் போட்டு நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்தி, அன்றே அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். வயிறு கிழிந்து குடல் வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ள முயலக் கூடாது. ஈரத் துணியால் மூடி, நாயை ஒரு பலகையிலோ சாக்கிலோ கிடத்தித் தூக்க வேண்டும். பெரிய சத்திரசிகிச்சை என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலை இருக்கிறது, தூரம்தான் கவலை. காயப்பட்ட நாய் சொந்தக்காரரையும் கடிக்கும். தூக்குவதற்கு முன் ஒரு துணி நாடாவால் வாயைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். மூச்சு முட்டுகிற நாய்க்கும் வாந்தியெடுக்கிற நாய்க்கும் மட்டும் கட்டக் கூடாது.

பச்சைக் குடலை இன்றோடு நிறுத்திவிட வேண்டும். புழு, கிருமி என்ற பழைய காரணங்களோடு 2024இன் கடைசியில் புதிதாக ஒன்றும் சேர்ந்தது: ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இலங்கைக்குள் வந்துவிட்டது. அது மனிதருக்கோ நாய்க்கோ தொற்றாது. ஆனால் செத்த பன்றியின் இரத்தமும் குடலும் நாயின் வாயிலும் காலிலும் வேட்டைக்காரரின் சப்பாத்திலும் ஒட்டிக்கொண்டு வந்தால், பக்கத்து வீட்டு வளர்ப்புப் பன்றிகள் கூண்டோடு சாகும். காட்டில் தானாகச் செத்துக் கிடக்கிற பன்றியைத் தொடவே கூடாது.

கைப்பிள்ளைக்கு உள்ள ஆபத்து வேறு வழியாக வருகிறது. சேற்றிலும் ஓடையிலும் புரண்டு வருகிற நாயின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். ஒழுங்காகத் தடுப்பூசி போட்ட நாய்க்கு அது குறைவு, ஆனால் இல்லையென்று சொல்ல முடியாது. நாய் படுக்கிற இடமும் பிள்ளை தவழ்கிற இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. வேட்டையிலிருந்து வந்த நாயைப் பீலியடியில் கழுவி, உண்ணி பார்த்து, மூக்கில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இஸ்தோப்பில் விட வேண்டும். அடிக்கடி தும்மி ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் வடிகிறது என்றால் அது பெரும்பாலும் ஓடைத் தண்ணீர் குடித்தபோது ஏறிய அட்டை. ஈறு வெளுத்து, நாய் தின்னாமல் சுருண்டு படுத்தால் உண்ணிக் காய்ச்சலா என்று இரத்தம் பார்க்க வேண்டும். இலங்கையில் வேட்டை நாய்களைச் சத்தமில்லாமல் கொல்வது பன்றியைவிட இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வேட்டையை நிறுத்துவது கால்நடை வைத்தியத்துக்குள் வராத சங்கதி. ஆனால் அந்த நாய் திரும்பவும் போகக் கூடாது என்பதை வைத்தியர் சொன்னதாகக் கணவரிடம் சொல்லலாம். ஒரு முறை வெட்டு வாங்கிய நாய் ஒன்றில் அடுத்த முறை அளவுக்கு மீறிப் பாயும், அல்லது பயந்து மனிதரின் காலுக்குள் ஓடி ஒளிந்து பன்றியையும் அங்கேயே கூட்டிக்கொண்டு வரும். இரண்டாவது நடந்தால் தையல் போட வேண்டியது கணவருக்கு.

கேள்வி: எங்கள் கணக்கில் இரண்டு மாதத்தில் மூன்று நாய்களைச் சிறுத்தை கொண்டு போய்விட்டது. ராத்திரி நாயைக் கட்டி வைப்பதா, அவிழ்த்துவிடுவதா? (ஹப்புத்தளை வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். சங்கிலியில் கட்டிய நாயால் ஓட முடியாது. அவிழ்த்துவிட்ட நாய் குப்பைமேட்டுக்கும் காட்டு ஓரத்துக்கும் போய்ச் சிறுத்தைக்கு முன்னால் நிற்கும். மலையகத்துச் சிறுத்தைக்கு நாய் புதிய இரையில்லை. தேயிலைக்கு நடுவே எஞ்சிய காட்டுத் துண்டுகளில் வாழ்கிற அதற்கு லயத்து நாய்தான் எளிதில் கிடைப்பது.

நாலு பக்கமும் மேலேயும் மூடிய கூடு வேண்டும். கோழிக்கூட்டுக் கம்பி வலை போதாது, சிறுத்தையின் கை அதைப் பிய்த்துவிடும். உருக்கி ஒட்டிய கம்பி வலையை மரச் சட்டத்தில் அடித்து, மேலே தகரம் போட்டு, அடியில் கல்லோ கொங்கிரீட்டோ வைத்தால் நிற்கும். கூட்டை லயத்துச் சுவரோடு ஒட்டி, விளக்கு வெளிச்சம் படுகிற பக்கத்தில் வைக்க வேண்டும். கோழிக் கழிவையும் மிச்சச் சோற்றையும் லயத்துக்குப் பின்னால் கொட்டுவதை எல்லா வீட்டாரும் ஒன்றாக நிறுத்தினால்தான் பலன் கிடைக்கும். அதற்குத் திரிகிற நாய்கள் கூடுகின்றன, நாய்களுக்குப் பின்னால் சிறுத்தை வருகிறது.

மாலை ஆறு மணிக்குள் நாய் கூட்டுக்குள் இருக்க வேண்டும்; காலையில் முதல் சங்கு ஊதி ஆள் நடமாட்டம் தொடங்கிய பிறகு திறந்தால் போதும். சிறுத்தையைப் பிடிக்கச் சுருக்கு வைப்போம் என்று யாராவது சொன்னால் அது சிறைக்குப் போகிற வழி என்பதைச் சொல்லி, வனஜீவராசிகள் அலுவலகத்துக்குத் தோட்ட நிர்வாகத்தின் மூலமாக எழுத்தில் அறிவிக்கலாம். எந்தத் திகதியில், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று மூன்று நாய்களின் விபரத்தையும் அந்தக் கடிதத்தில் எழுத வேண்டும். அதிகாரிகள் வந்து பார்க்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.